பிஸ்டன் ரிங்கின் வாய் ஏன் மூடக்கூடாது?

என் மேசை இழுப்பறையில் உடைந்த பிஸ்டன் ரிங் துண்டு ஒன்று கிடக்கிறது. எஞ்சின் பிஸ்டனைச் சுற்றி உட்காரும், ஓரிடத்தில் வெட்டு வைத்த வளையம்தான் பிஸ்டன் ரிங்; அந்த வெட்டுதான் அதன் வாய். என் துண்டு சுண்டுவிரல் நீளம், வார்ப்பிரும்பின் சாம்பல் நிறம். அதன் இரண்டு முனைகளும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. முறிந்த முனை சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் மணல் மணலாக இருக்கிறது. மற்ற முனை, அதாவது தொழிற்சாலையில் வெட்டிய முனை, கண்ணாடிபோல் பளபளக்கிறது. யாரும் அதற்கு மெருகு போடவில்லை. ஓடும் எஞ்சினுக்குள் அந்த முனை எதனுடனோ ஓயாமல் முட்டி உரசியிருக்கிறது. அது எதனுடன் முட்டியது, ஏன் முட்டியது என்பது புரிந்துவிட்டால் ரிங் இடைவெளி என்ற விஷயத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

அந்தத் துண்டு எங்கள் அப்பாவின் மொரிஸ் மைனர் 1000 காரிலிருந்து வந்தது. 948 சி.சி. எஞ்சின். ஓய்வு பெற்ற ஆண்டில், வைத்துப் பராமரிக்க முடியாமல் விற்ற ஒருவரிடமிருந்து அப்பா அதை வாங்கினார். ஒயில் குடிக்கத் தொடங்கியபோது வெளியூர்ப் பட்டறை ஒன்றில் சிலிண்டர்களைப் போர் எடுத்து, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, 20 ஓவர் (அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு பெரிதான) பிஸ்டனும் ரிங்கும் போட்டார்கள். புகை நின்றது. திருகோணமலையில் உவர்மலைக்கும் நிலாவெளிக்கும் ஓடியவரை ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த மாதம் ஐந்து பேர் ஏறிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை சுகமாகப் போனது. மாத்தளை தாண்டியதும் ஏற்றம். இரண்டாம் கியரில் மிதியை அழுத்தியபடி ஏறிக்கொண்டிருந்தபோது முன்பக்கத்தில் 'டிக்' என்றொரு சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பின்னால் நீலப் புகை. அன்று கார் லொறியில் ஊர் திரும்பியது.

பாலையூற்றில் கராஜ் வைத்திருந்த மாமாதான் எஞ்சினைப் பிரித்தார். இரத்த உறவு இல்லை. அப்பாவின் பள்ளித் தோழர். மூன்றாவது சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்திருந்தன. பிஸ்டனின் மேல் ரிங் மூன்று துண்டாகியிருந்தது. உடையாமல் தப்பிய மற்ற மூன்று மேல் ரிங்குகளையும் மாமா கழற்றிக் கழுவி, ஒவ்வொன்றாக அதனதன் சிலிண்டருக்குள் விட்டு, வாயின் இடைவெளியை அளந்தார். மூன்றிலும் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குதான் இருந்தது. "பெட்டியிலிருந்து எடுத்து அளக்காமலே போட்டிருக்கிறார்கள், பிள்ளை" என்றார். அன்றுதான் அவரிடம் இதைக் கற்றுக்கொண்டேன்.

இந்த வயதுக் கார்களை இன்னும் ஓட்டுபவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கம் வரை கதவு மூடியே இருந்தபோது, கொட்டிலில் கிடந்த மொரிஸையும் ஒஸ்டினையும் திரும்ப ஓடவைத்தவர்களை எனக்கே தெரியும். அவர்களில் புதிதாகக் கையில் ஸ்பேனர் எடுத்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ரிங் செய்யும் வேலை

போத்தல் தக்கைபோலப் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்றுதான் முதலில் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இறுக்கி வைத்தால் எஞ்சின் சூடேறியதும் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே பிஸ்டனைச் சற்றுச் சிறியதாகவே செய்கிறார்கள். அது சிலிண்டருக்குள் தளர்வாகத்தான் நிற்கிறது. அந்தத் தளர்வை அடைப்பதற்காகப் பிஸ்டனைச் சுற்றி வெட்டிய பள்ளங்களில் ரிங்குகள் உட்கார்ந்திருக்கின்றன.

வாய் திறந்த வெள்ளிக் காப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் போடும்போது அகலும், விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ரிங் இதற்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. வெளியே மேசையில் கிடக்கும்போது அதன் வாய் நன்றாக அகன்றிருக்கும். சிலிண்டரைவிடப் பெரிதாக இருக்கும். நெருக்கிச் சிலிண்டருக்குள் விட்டால், மறுபடி அகலப் பார்த்துச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பு நீராவி எஞ்சின் பிஸ்டன்களைச் சணற்கயிறு சுற்றி அடைத்தார்கள். அது விரைவில் தேய்ந்துபோகும். 1850களில் ஜோன் ராம்ஸ்பொட்டம் என்ற ஆங்கிலேய ரயில்வேப் பொறியியலாளர்தான் வெட்டு வைத்த உலோக வளையத்தை, தன் விறைப்பினாலேயே சுவரைத் தள்ளும்படி செய்து காட்டினார். இன்று ஓட்டோவில் ஓடுவதும் கப்பலில் ஓடுவதும் அதே யோசனைதான்.

ஆனால் ரிங்கின் விறைப்பு தொடக்கத்துக்கு மட்டுமே. எரியும் வாயு மேலிருந்து இறங்கி, ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் நுழைந்து, ரிங்கின் முதுகுப்பக்கம் நின்று அதைச் சுவரோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகுகிறது. ஒயில் மேலே ஏறாமல் வழித்துவிடுவதும் ரிங்கின் வேலை. இவற்றோடு புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: பிஸ்டனின் தலையில் விழும் வெப்பத்தில் பெரும்பகுதி ரிங் வழியாகவே சுவருக்குப் போய், அங்கிருந்து தண்ணீருக்குப் போகிறது. அதாவது ரிங் நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கிறது. அதன் உடம்பு எப்போதும் சுவரைவிடச் சூடாகத்தான் இருக்கும். இடைவெளியின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

சூட்டுக்கு விடும் இடம்

ரிங் சிலிண்டருக்குள் இருக்கும்போது அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே மிஞ்சும் சிறு இடத்தைத்தான் கராஜில் 'ரிங் கேப்' என்கிறார்கள். அதை அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அளப்பது வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்: 'ஆயிரத்தில் 10' என்றால் 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீற்றர்.

புதியவர் கண்ணுக்கு இந்த இடைவெளி ஒரு குறைபோலத் தெரியும். வாயுவை அடைக்க வந்த ரிங்கில் ஓட்டை எதற்கு, முனைகள் ஒட்டி நின்றால் இன்னும் நன்றாக அடைக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகுதான் அந்த எண்ணம் போனது.

948 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 62.9 மி.மீ. அதை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு சுமார் 198 மி.மீ. ரிங்கை வெட்டி நேராக நீட்டினால் கிடைக்கும் நீளம் அது. வார்ப்பிரும்பு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தின் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 11 பங்கு நீளும். ரிங் சுவரைவிட 100 பாகை கூடுதலாகச் சூடேறியிருந்தால், அது சுவரைவிட 0.22 மி.மீ. கூடுதலாக நீண்டிருக்கும். அது ஆயிரத்தில் ஏறக்குறைய 9. இந்த நீட்சி போக வேறு இடமில்லை. வெளிப்பக்கம் சுவர் தடுக்கிறது. ஆகவே முனைகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்கின்றன, வாய் மூடுகிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. முக்கியமானது எஞ்சினின் மொத்தச் சூடு அல்ல, ரிங்குக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் வார்ப்பிரும்பு என்பதால், ஒரே அளவு சூடேறினால் சேர்ந்தே விரியும், இடைவெளி மூடாது. வித்தியாசம் கூடுவது எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது. நிறையப் பாரத்தோடு, மிதி முழுதும் அழுத்தியபடி, நெடுநேரம் ஏற்றம் ஏறும்போது நெருப்புப் பக்கத்துச் சூடு பாய்ந்து ஏறுகிறது. தண்ணீர் பக்கம் ஓரளவு அப்படியே நிற்கிறது. எங்கள் மொரிஸில் இருந்த ஆயிரத்தில் 3 என்ற இடைவெளி, மேற்சொன்ன கணக்கின்படி, 35 பாகை வித்தியாசத்திலேயே தீர்ந்துவிடும். ஊருக்குள் ஓடும்போது இலேசாக முட்டி முட்டித் தப்பியிருக்கிறது. அந்த முட்டலில்தான் என் இழுப்பறைத் துண்டின் முனை பளபளப்பானது. மாத்தளை ஏற்றத்தில் முட்டியபிறகும் நீள வேண்டியிருந்தது.

முனைகள் முட்டிய ரிங் இனி வளையம் அல்ல, ஆப்பு. அது தன் முழுப் பலத்தோடு சுவரை நோக்கித் தள்ளுகிறது. நடுவே இருக்கும் ஒயில் படலம் கிழிகிறது. இரும்பு இரும்போடு உரசிச் சூடு இன்னும் கூடுகிறது. சூடு கூடியதும் ரிங் இன்னும் நீள்கிறது. கடைசியில் ஒன்றில் ரிங் முறியும், அல்லது பிஸ்டனில் ரிங்குக்கு மேலுள்ள விளிம்பு பெயர்ந்துவிடும். எங்களுக்கு ரிங் முறிந்தது. துண்டுகள் சுவரைக் கீறின.

அதற்கு நேர்மாறாக இடைவெளி சற்றுக் கூடிவிட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் வாயு கீழே கசியும். எவ்வளவு கொஞ்சம் என்பதையும் பார்த்துவிடுவோம். வாயு நழுவும் வழி, ரிங்கின் தடிப்பு முழுவதும் திறந்த கதவு அல்ல. ரிங் பள்ளத்துக்குள் பெரும்பகுதி மறைந்துதான் இருக்கிறது. பிஸ்டனின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மிக மெல்லிய சந்துதான் அந்த வழியின் ஒரு பக்கம். ரிங் இடைவெளி மறுபக்கம். இடைவெளி அரை மி.மீ., சந்து கால் மி.மீ. என்று வைத்தாலும் ஓட்டையின் பரப்பு ஒரு சதுர மி.மீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழே வருவதற்கு நூறில் ஒரு விநாடிதான் ஆகிறது. அதனால் ஆயிரத்தில் நாலைந்து கூடுதலாக இருந்தால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். சிறிது கூடினால் கண்ணுக்குத் தெரியாத கசிவு. சிறிது குறைந்தால் உடைந்த ரிங், கீறிய சிலிண்டர், லொறி வாடகை. புதியவர்கள் இதில் அஞ்ச வேண்டியது அகன்ற வாயை அல்ல, குறுகிய வாயை. சந்தேகம் வந்தால் அகலத்தின் பக்கம் சாயுங்கள்.

எவ்வளவு வேண்டும்

பழைய மெக்கானிக்குகள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு எளிது: சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் 4. இன்னும் பழைய நூல்கள் 3 என்றும் சொல்லும். 948 எஞ்சினின் 62.9 மி.மீ. என்பது அங்குலத்தில் 2.478. நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய ஆயிரத்தில் 10. அந்த எஞ்சினுக்கான கைநூல் கொடுக்கும் எல்லை ஆயிரத்தில் 7 முதல் 12. நாம் போட்ட வெப்பக் கணக்கில் வந்தது 9. மூன்று வெவ்வேறு வழிகளில் போனாலும் ஒரே இடத்துக்கு அருகில் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60 எஞ்சினின் விட்டம் சரியாக 3 அங்குலம். அதே கணக்கில் ஆயிரத்தில் 12. உங்கள் எஞ்சினின் கைநூல் கையில் இருந்தால் அதுதான் முதல் வார்த்தை. இல்லாதபோதுதான் இந்த நான்கு.

நெருப்புக்கு மிக அருகில் நிற்பது மேல் ரிங். அதற்குத்தான் இந்த அளவு கட்டாயம். இரண்டாம் ரிங்குக்கும் அதே அளவு போதும். சிறிது கூடினாலும் கேடில்லை. மேலும் கீழுமாக மெல்லிய தகடுகளும் நடுவில் சுருளும் கொண்ட புதிய வகை ஒயில் ரிங் கிடைத்தால், தகடுகளின் வாய் தாராளமாக இருக்கலாம். நடுச் சுருளின் முனைகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடக்கூடாது.

அளக்கும் விதம்

தேவையானவை மூன்று: ஒரு ஃபீலர் கேஜ், ரிங் கழற்றிய ஒரு பிஸ்டன், நல்ல வெளிச்சம். ஃபீலர் கேஜ் என்பது விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டு. ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிப்பு பொறித்திருக்கும். நம் ஊர்க் கடற்காற்றுக்கு அந்தத் தகடுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தகடு பொறித்த எண்ணைவிடத் தடிப்பாக இருக்கும், அதை நம்பி அளந்தால் கணக்குப் பிழைக்கும். மாமா தன்னுடையதை எஞ்சின் ஒயிலில் நனைத்த துணியில் சுற்றி, பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருந்தார்.

ரிங்கை இரு பெருவிரல்களாலும் மெல்ல நெருக்கிச் சிலிண்டருக்குள் விடுங்கள். கையால் விட்ட ரிங் எப்போதும் சற்றுச் சாய்ந்தே நிற்கும். சாய்ந்து நிற்கும் ரிங்கின் வாய் உண்மையைவிட அகலமாகக் காட்டும். அளவு போதும் என்று நினைத்து ஏமாந்துவிடுவீர்கள். அதனால் பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, அதன் தட்டையான தலையால் ரிங்கை ஓர் அங்குலம் கீழே தள்ளுங்கள். அப்போது ரிங் சுற்றிலும் ஒரே மட்டத்தில் உட்காரும். மாமா இதை மூன்று முறை செய்யச் சொன்னார். முதல் முறை நான் ஒரு பக்கமாக அழுத்திவிட்டேன். "அவசரப்படாதே பிள்ளை, தேங்காய் திருவுவதுபோல் அழுத்தாதே. பிஸ்டன் தன் பாரத்தில் இறங்கட்டும்" என்றார்.

பிறகு தகடுகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள். 6 சுலபமாகப் போகிறது, 7 போகிறது, 8 போகும்போது வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல் ஒரு சிறு தடை தெரிகிறது, 9 நுழைய மறுக்கிறது. அப்படியானால் இடைவெளி ஆயிரத்தில் 8. ஒன்பதைத் தள்ளிப் பார்க்கக்கூடாது. தள்ளினால் ரிங் நகர்ந்து இடம் கொடுக்கும். நீங்கள் அளப்பது உங்கள் விரலின் பலத்தைத்தான். அளந்ததை அப்போதே எழுதுங்கள்: சிலிண்டர் எண், ரிங்கின் இடம், அளவு. அந்த ரிங் இனி அந்தச் சிலிண்டருக்கு மட்டுமே உரியது. கலந்துவிட்டால் அளந்தது வீண்.

போர் எடுத்த புதிய சிலிண்டரில் எங்கு அளந்தாலும் ஒன்றுதான். தேய்ந்த சிலிண்டரில் அப்படி இல்லை. ரிங் ஓடும் பகுதியின் கீழ் எல்லையில்தான் அளக்க வேண்டும். அங்கேதான் தேய்மானம் குறைவு, அதனால் வாயும் அங்கேதான் குறுகும். மேலே அளந்து சரி என்று விட்டுவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கீழே வந்து முட்டும்.

ரிங்கே அளவுகோலாகும் விதம்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இது. வட்டத்தின் விட்டம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு 3.14 பங்கு கூடும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். சிலிண்டர் தேய்ந்து விட்டம் ஆயிரத்தில் 1 கூடினால், அதே ரிங்கின் வாய் ஆயிரத்தில் 3க்கு மேல் அகலும். அதாவது ரிங் தேய்மானத்தை மூன்று மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியாகிவிடுகிறது. சிலிண்டர் விட்டத்தை அளக்கும் விலையுயர்ந்த போர் கேஜ் இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு கேம்பிரிட்ஜ் ஏ60 மாமாவின் கராஜில் நின்றது. 1990களில், வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சிறிது பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று. அன்று அம்புலன்சாகவும் திருமணக் காராகவும் மரண வீட்டுக் காராகவும் ஓடியவை இவைதான். அந்த எஞ்சின்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சுவரில் வழிந்து, ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, ரிங்கைத் தாண்டிக் கீழே போய் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துவிடும். காய்ந்த சுவர் விரைவாகத் தேயும்.

மாமா ஒரு புதிய ரிங்கை அந்தச் சிலிண்டரின் அடியில் விட்டு அளந்தார்: ஆயிரத்தில் 14. அதே ரிங்கை மேலே இழுத்து, மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே வைத்து அளந்தார்: 33. வித்தியாசம் 19. அதை 3.14ஆல் வகுத்தால் 6. மேற்பகுதி அடியைவிட ஆயிரத்தில் 6 அகன்றிருக்கிறது. ஒரு ரிங், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு வகுத்தல் கணக்கு. உரிமையாளரிடம் அதைக் காட்டி, புதிய ரிங் மட்டும் போட்டால் பணம் வீண், போர் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்த முறை சராசரி விட்டத்தைத்தான் சொல்லும். சிலிண்டர் முட்டைவடிவமாகத் தேய்ந்திருந்தால் அதைக் காட்டாது. அதற்கு உரிய கருவி வேண்டும்.

இதே 3.14 இன்னொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும். 10 ஓவர் போர் எடுத்த சிலிண்டருக்கு ஸ்டாண்டர்ட் ரிங்கைத் தவறுதலாகப் போட்டால், இடைவெளி ஆயிரத்தில் 31 கூடிவிடும். பெட்டியில் எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று என்பது பழைய சரக்கு வாங்கும்போது நடக்கக்கூடியதுதான். அளந்த இடைவெளி நாற்பதைத் தாண்டினால் முதலில் ரிங்கின் அளவைச் சந்தேகியுங்கள். தேய்ந்த சிலிண்டரின் மேல் விளிம்பை விரல் நகத்தால் தடவினால் ஒரு மேடு தட்டும். ரிங் ஒருபோதும் தொடாத இடம் அது. பழைய ரிங் அந்த மேட்டுக்கு ஏற்றபடி தேய்ந்து பழகியிருக்கும். கூரிய விளிம்போடு வரும் புதிய ரிங் அதில் இடித்து உடையும். மேட்டை எடுக்காமல் புதிய ரிங் போடாதீர்கள்.

அரம் போடுதல்

இடைவெளி குறைவாக இருந்தால் ரிங்கின் முனையை அராவி அகலமாக்கலாம். அகன்று போனால் திரும்பக் குறைக்க வழியில்லை. அதனால் பொறுமை வேண்டும். மென்மையான தட்டை அரத்தை வைஸில் நிமிர்த்தி இறுக்குங்கள். அசைய வேண்டியது ரிங், அரம் அல்ல. ஒரு முனையை மட்டுமே அராவுங்கள். மற்ற முனை தொழிற்சாலை வெட்டிய நேரோடு இருக்கட்டும், சாய்வு பார்ப்பதற்கு அதுவே சாட்சி. வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக மட்டும் இழுங்கள். எதிர்ப்பக்கமாக இழுத்தால் சுவரைத் தொடும் முகத்தில் பிசிறு நிற்கும். குரோம் பூசிய ரிங்காக இருந்தால் பூச்சு பெயரும். இரண்டு மூன்று இழுப்பு, துடைப்பு, சிலிண்டருக்குள் விட்டு அளப்பு, மறுபடி இரண்டு இழுப்பு. இதற்குக் குறுக்குவழி இல்லை. முடிந்ததும் ரிங்கை நெருக்கி, முனைகள் தொடும்படி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவே ஆப்பு வடிவில் வெளிச்சம் தெரிந்தால் சாய்ந்து அராவியிருக்கிறீர்கள். கடைசியில் நுண்ணிய சாணைக்கல்லால் முனையின் பிசிறை நீவிவிடுங்கள்.

பூட்டும்போது

புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னோர் இடைவெளி உண்டு. ரிங்குக்கும் அது உட்காரும் பள்ளத்துக்கும் நடுவில் மேல்கீழாக உள்ள இடம் அது. 948 எஞ்சினில் ஆயிரத்தில் ஒன்றரை முதல் மூன்றரை வரை. இது கூடினால் பள்ளம் தேய்ந்துவிட்டது, பிஸ்டனையே மாற்ற வேண்டும். வாயின் இடைவெளிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த எஞ்சினின் இரண்டாம், மூன்றாம் ரிங்குகள் சாய்வு முகம் கொண்டவை. மேற்பக்கம் எது என்பதைக் காட்டும் குறி அவற்றில் பொறித்திருக்கும். அந்தக் குறி மேலே பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஒயிலைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே ஏற்றும். வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராதபடி ஒன்றுக்கொன்று விலக்கி வையுங்கள். ஓடும்போது ரிங்குகள் தாமாகவே மெல்லச் சுற்றும், ஆகவே நீங்கள் வைத்த இடத்திலேயே நிற்கப்போவதில்லை. ஆனாலும் முதல் ஓட்டத்தில் ஒழுங்காகத் தொடங்கட்டும்.

சிலிண்டரைக் கழுவ பெற்றோல் போதாது. போர் எடுத்தபின் சுவரின் நுண்கோடுகளுக்குள் சாணைத்தூள் ஒளிந்திருக்கும். பெற்றோல் ஒயிலைக் கரைத்துவிட்டுத் தூளை அங்கேயே விட்டுப்போகும். வெந்நீரும் சோப்பும் பிரஷும்தான் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவுங்கள். நாங்கள் ஆறு முறை கழுவினோம். ஐந்தாவது துணியிலும் ஒரு சாம்பல் கீற்று இருந்தது. ஆறாவதுதான் வெள்ளையாக வந்தது. கழுவிய கையோடு ஒயில் தடவ வேண்டும். நம் ஊரில் இதை நாளைக்கு என்று தள்ள முடியாது. கடற்காற்று வீசும் இரவில் வெறும் வார்ப்பிரும்பைத் திறந்து வைத்தால் காலையில் செம்மண் நிறம் பிடித்திருக்கும்.

கீறல் ஆழமாக இருந்ததால் எங்கள் எஞ்சின் 40 ஓவருக்குப் போனது. அந்த எஞ்சினுக்கு அதுவே கடைசி அளவு; இனிக் கெட்டால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் இரும்புக் குழாய்) போட்டுத்தான் பழைய விட்டத்துக்கு வர முடியும். நான்கு மேல் ரிங்குகளையும் ஆயிரத்தில் 10க்குக் கொண்டுவந்தோம். அப்பாவின் காரில் இருக்கும் பெற்றோல் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அந்த அளவுகள் என் கையெழுத்தில் இருக்கின்றன: முதலாவது சிலிண்டர் 8, அராவி 10. இரண்டாவது 7, அராவி 10. மூன்றாவது 8, அராவி 10. நான்காவது அராவாமலே 10. அதன் கீழே மாமா பென்சிலால் தேதியும் கிலோமீற்றரும் எழுதி, நான்காவதை மறுபடி தானே அளந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு சரி போட்டார்.